பல்லுக்குள் இருக்கும் ஸ்டெம் செல்: எதுவரை வந்திருக்கிறது, எதை நம்பலாம்?

விளையாட்டில் கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்ட ஏழெட்டு வயதுப் பிள்ளையை எந்தப் பல் மருத்துவரும் கவலையோடுதான் பார்ப்பார். பல் உடையாமல் முழுசாகவே இருக்கலாம். ஆனால் அடிபட்ட வேகத்தில் வேரடியில் ரத்தக்குழாய் அறுந்திருந்தால், உள்ளே இருக்கும் பற்கூழ் என்னும் மென்மையான சதை சில வாரங்களில் செத்துவிடும். அந்த வயதில் நிரந்தர முன்பல் வெளியே முளைத்திருக்குமே தவிர, வேர் முழுதாக வளர்ந்திருக்காது. முளைத்த பிறகும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு வேர் நீண்டுகொண்டேதான் இருக்கும். கூழ் செத்தால் அந்த வளர்ச்சி பாதியில் நின்றுபோகும். வேர் குட்டையாக, சுவர் மெலிந்து, நுனி திறந்தபடி கிடக்கும். வழக்கமான ரூட் கெனால் செய்து அடைக்கலாம் என்றால், அடி திறந்திருக்கும் குழாயை எப்படி அடைப்பது? ஏதோ ஒரு வழியில் அடைத்தாலும், பத்து ஆண்டு கழித்துக் கரும்பைக் கடிக்கும்போது பல் முறிந்து கையோடு வந்துவிடும் அபாயம் உண்டு.

சீனாவின் சியான் நகரில் உள்ள நான்காம் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படிப் பல் செத்துப்போன பிள்ளைகளிடம் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். 40 பேரைச் சேர்த்து, 30 பேருக்குப் புதுமுறையும் 10 பேருக்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்தார்கள். புதுமுறை இதுதான்: அதே பிள்ளையின் வாயில் இன்னும் விழாமல் இருக்கும் ஒரு பால் பல்லை எடுத்து, அதன் கூழிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது பெருகி வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, செத்த பல்லைச் சுத்தம் செய்து அதற்குள் வைத்து மூடிவிடுவது. இடையில் நால்வர் கணக்கிலிருந்து விலகினார்கள். மீதி 26 பேரின் பற்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வேர் நீண்டிருந்தது, திறந்திருந்த நுனி சுருங்கியிருந்தது, உள்ளே ரத்த ஓட்டம் வந்திருந்தது, பல்லுக்கு உணர்ச்சியும் திரும்பியிருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த 10 பேரிடம் இப்படிக் கூழ் உருவாகவில்லை. சிகிச்சை பெற்ற ஒரு பிள்ளைக்கு அதே பல்லில் மறுபடியும் அடிபட்டது. அந்தப் பல்லை எடுக்க வேண்டிவந்தது. அதை மெல்லிய சீவல்களாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில்தான் உள்ளே உருவாகியிருந்தது நிஜமான கூழ் என்பது கண்கூடாகத் தெரிந்தது. 20 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதகம் எதுவும் தென்படவில்லை.

செத்த பல் உயிர்பெற்றது என்று சொன்னால் மிகையில்லை. பல்லில் கிடைக்கும் ஸ்டெம் செல்லைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வந்திருந்தாலும், மனிதர்களிடம் கிடைத்த பலன் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். காட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல்லின் செல், பல்லுக்கே மருந்தானது. பல்லை விட்டு ஈறு, தாடை, மூளை, கணையம் என்று தள்ளிப் போகப் போக ஆதாரம் மெலிந்துகொண்டே போகிறது. விளம்பரங்களோ நேர்மாறாக, தூரத்தில் இருக்கும் நோய்களைத்தான் பெரிதாகப் பேசுகின்றன. இந்த இடைவெளியைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கூழுக்குள் ஒளிந்திருந்தது

பல்லின் வெளிப்பூச்சு எனாமல். அதற்கு உள்ளே டென்டின். நடுவில் உள்ள அறையிலும் வேரின் குழாயிலும் இருக்கும் மென்மையான சதைதான் பற்கூழ். ரத்தக்குழாயும் நரம்பும் அதில்தான் ஓடுகின்றன. பல்வலியில் நம்மை இரவெல்லாம் உட்கார வைப்பது இதுதான். அளவில் மிகச் சின்னது. ஒரு நிரந்தரப் பல்லின் கூழ் சராசரியாக 0.02 மில்லிலிட்டர். வாயில் உள்ள எல்லா நிரந்தரப் பற்களின் கூழையும் சேர்த்தாலும் அரை மில்லிலிட்டர் தேறாது.

பல் சொத்தையானால் கூழ் சும்மா இருப்பதில்லை. சொத்தை நெருங்கி வரும் பக்கம் பார்த்து உள்சுவரில் புது டென்டின் படலம் போட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும். டென்டினை உருவாக்கும் செல்கள் அழிந்துபோன இடத்தில்கூட வேறு செல்கள் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவந்தார்கள். அப்படியானால் அந்தப் புதுச் செல்களைத் தரும் மூலச் செல் ஒன்று கூழுக்குள் இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான் கிரோந்தோஸ், சாங்டாவ் ஷி முதலானோர் 2000-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். 19 முதல் 29 வயதுக்குள் இருந்தவர்களிடம் எடுத்த ஞானப்பற்களைப் பிளந்து, கூழை நொதியில் கரைத்து, தனித்தனிச் செல்லாகப் பிரித்து வளர்த்தார்கள். எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்போலவே சில செல்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகின. அவற்றை எதிர்ப்புசக்தி குறைக்கப்பட்ட சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்தபோது, அங்கே டென்டினும் அதை ஒட்டிக் கூழ் போன்ற திசுவும் உருவாயின. மஜ்ஜைச் செல்லை அதே இடத்தில் வைத்தால் எலும்புதான் வந்தது. எந்த உறுப்பிலிருந்து வந்ததோ அந்த உறுப்பின் வேலையைத்தான் செல் நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இது முதல் அடையாளம்.

மூன்று ஆண்டு கழித்து நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. ஷி அடிப்படையில் குழந்தைகளுக்கான பல் மருத்துவர். அவருடைய ஆறு வயது மகளின் பால் பல் ஆடியது, எடுத்துவிடச் சொன்னாள். எடுத்த பல்லைத் திருப்பிப் பார்த்தவர் கண்ணில் உள்ளே சிவப்பாகக் கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டிருந்தது பட்டது. மறுநாள் ஆய்வகத்துக்கு எடுத்துச்சென்றார். அடுத்த பல் விழும்போது, செல் வளர்க்கும் திரவத்தைத் தயாராக வைத்திருந்தார். 2003-ல் மசாகோ மியுராவும் ஷியும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, விழும் பால் பல்லிலும் ஸ்டெம் செல் உண்டு என்று காட்டியது. ஒரு வெட்டுப் பல்லிலிருந்து கிடைத்தவை சுமார் 12 முதல் 20 செல்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் பெருகும் வேகம் ஞானப்பல்லின் செல்லைவிட அதிகம்.

அதன் பிறகு பல்லைச் சுற்றித் தோண்டிய இடமெல்லாம் ஏதோ ஒரு வகை ஸ்டெம் செல் கிடைத்தது. வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்த்திசுவில் 2004-ல், வளரும் வேரின் நுனித்திசுவில் 2006-ல். இந்தக் கடைசி வகையை மறந்துவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி அதற்கு வேலை இருக்கிறது.

பல்லின் செல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்? பிறப்பிடம்தான் காரணம். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாயின் ஓரத்தில் நரம்பு முகடு என்று ஒரு செல் கூட்டம் தோன்றும். அது அங்கிருந்து கிளம்பிப் போய் முகத்தின் எலும்பு, பல்லின் உட்பகுதி, நரம்புமுடிச்சுகள் எனப் பலவற்றையும் உண்டாக்கும். ஆக, பற்கூழுக்கும் நரம்பு மண்டலத்துக்கும் தூரத்து உறவு உண்டு. 2014-ல் சுண்டெலிகளில் செய்த ஓர் ஆய்வு, பல்லின் ஸ்டெம் செல்களில் ஒரு பகுதி நரம்பைப் போர்த்தியிருக்கும் துணைச் செல்களிலிருந்தே வருவதாகக் காட்டியது. நரம்பு நோய்களுக்குப் பல்லின் செல் உதவுமோ என்ற நம்பிக்கை பிறந்தது இந்த உறவை வைத்துத்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் செல் எதுவும் எனாமலை உண்டாக்காது. எனாமலைக் கட்டும் செல்கள் பல்லின் வெளிப்புறம் இருந்து வேலைசெய்பவை. பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அவை உதிர்ந்துபோகின்றன. எலிக்கு முன்பல் ஆயுள் முழுக்க வளர்கிறது, எனாமலும் சேர்ந்து வளர்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எலியின் பல்லில் நடந்ததை அப்படியே மனிதப் பல்லுக்குப் பொருத்திச் சொல்லும் செய்திகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சேமிக்காமலே நடக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை

சியான் நகரத்து முறைக்குத் தரமான செல் ஆய்வகம் வேண்டும். ஆனால் வேர் வளராத செத்த பல்லுக்கு இன்னொரு சிகிச்சை இருக்கிறது. வேர் சிகிச்சை நிபுணர்கள் இன்று பல ஊர்களில் செய்கிறார்கள், இந்தியாவிலும் செய்கிறார்கள். 2001-ல் ஜப்பானிலும் 2004-ல் அமெரிக்காவிலும் வந்த நோயாளி அறிக்கைகளிலிருந்து வளர்ந்த முறை இது. நாற்காலியில் நடப்பதைப் பார்த்தாலே ஸ்டெம் செல் என்பதன் பொருள் துலங்கும்.

முதல் நாள் பல்லைத் திறந்து, குழாயைக் குறைந்த செறிவுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் நிதானமாக அலசுவார்கள். உள்ளே அரத்தைப் போட்டுச் சுரண்டுவது கூடாது. சுவர் ஏற்கெனவே மெல்லிசு. கால்சியம் ஹைட்ராக்சைடோ ஆன்டிபயாட்டிக் கலந்த பசையோ வைத்துத் தற்காலிகமாக அடைத்து, சில வாரம் விட்டு வரச்சொல்வார்கள். கிருமி அடங்கிய பிறகுதான் அடுத்த கட்டம். இரண்டாம் முறை போடும் மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலக்க மாட்டார்கள், ஏனென்றால் இப்போது ரத்தம் வர வேண்டும். ஈடிடிஏ என்னும் அமிலக் கரைசலால் குழாயைக் கழுவுவார்கள். அது டென்டினின் மேற்பரப்பை லேசாகக் கரைத்து, பல் உருவான காலத்தில் அதற்குள் சிறைப்பட்ட வளர்ச்சிப் புரதங்களை விடுவிக்கும். பிறகு மெல்லிய ஊசி போன்ற அரத்தை வேர் நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் அப்பால் செலுத்திக் கிளறுவார்கள். அடியிலிருந்து ரத்தம் ஊறிக் குழாயை நிரப்பும். உறைய விட்டு, அதன் மேல் எம்டிஏ எனப்படும் சிமென்டை வைத்துப் பல்லை அடைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் சிகிச்சை.

அந்த ரத்தம் வெறும் ரத்தம் இல்லை. வேர் நுனியில் 2006-ல் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேனே, அந்தச் செல்கள் அதோடு அடித்துக்கொண்டு வருகின்றன. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 2011-ல் செய்த ஆய்வில், குழாய்க்குள் ஊறிய ரத்தத்தில் ஸ்டெம் செல்லின் அடையாளங்கள் உடம்பில் ஓடும் ரத்தத்தில் உள்ளதைவிட 600 மடங்கு வரை கூடுதலாக இருந்தன. ஆறு மாதம், ஓராண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்தால் பல பிள்ளைகளுக்கு வேரின் சுவர் தடித்திருக்கும், நீளம் கூடியிருக்கும், நுனி மூடத் தொடங்கியிருக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இப்படிச் சிகிச்சை பெற்றுப் பின்னால் வேறு காரணத்துக்காக எடுத்த பற்களை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே வளர்ந்திருந்தது பெரும்பாலும் வேரின் வெளிப்பூச்சையும் எலும்பையும் ஒத்த திசு. அசல் கூழும் டென்டினும் அல்ல. பல் வலுப்பட்டது, சீழ் ஆறியது, ஆனால் பழைய கூழ் திரும்பவில்லை. சியான் பரிசோதனைக்கு மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான்.

வளர்ந்தவர்களுக்கும் இதைக் கொண்டுவர முயன்றவர் ஜப்பானின் மிசாகோ நகஷிமா. ஐச்சி மாகாணத்தில் உள்ள தேசிய முதியோர் மருத்துவ மையத்தில், கூழ் மீளமுடியாமல் பழுத்துப்போன 5 பேருக்கு அவரவர் வேண்டாத பல்லிலிருந்து எடுத்த கூழ்ச் செல்லை வைத்து, முடிவை 2017-ல் வெளியிட்டார். 4 பேருக்கு மின்சாரச் சோதனையில் பல்லில் உணர்ச்சி தெரிந்தது. ஐந்து பேரை வைத்து ஊருக்கே சிகிச்சை என்று அறிவிக்க முடியாதுதான். ஆனாலும் ரூட் கெனால் செய்து வெறும் கூடாக நிற்கும் பல்லுக்கு மாற்று ஒன்று வரும் என்று எதிர்பார்க்க அது நியாயமான காரணம்.

செல்லை வெளியே எடுக்காமல், இருக்கும் இடத்திலேயே உசுப்பிவிடும் வழிகளையும் தேடுகிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப் குழுவினர் 2017-ல், அல்சைமர் நோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட டைட்குளூசிப் என்னும் மருந்தைச் சிறு கொலாஜன் பஞ்சில் நனைத்துச் சுண்டெலியின் பல் குழியில் வைத்தார்கள். கூழின் ஸ்டெம் செல் விழித்துக்கொண்டு குழியை டென்டினால் நிரப்பியது. ஹார்வர்டில் பிரவீன் அரனியும் டேவிட் மூனியும் 2014-ல் குறைந்த சக்தி லேசரால் எலிப்பல்லில் டென்டினை வளரவைத்தார்கள். எனக்கு இந்தப் பாதையில்தான் நம்பிக்கை அதிகம். ஆய்வகமும் உறைபெட்டியும் தேவைப்படாத மருந்து ஒன்று வந்தால், அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் வரிசையில் நிற்பவருக்கும் அது கிடைக்கும்.

'ஜப்பானில் பல் முளைக்க மருந்து' என்று செய்தி வந்ததே, அது இதில் சேராது. கியோத்தோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2024-ல் தொடங்கிய அந்தப் பரிசோதனை, பல் வளர்ச்சிக்குத் தடைபோடும் ஒரு புரதத்தை முடக்கும் ஆன்டிபாடியைப் பற்றியது. அங்கே யாருடைய ஸ்டெம் செல்லையும் எடுத்து வைப்பதில்லை.

வாயைத் தாண்டினால்

பல்லுக்கு அடுத்து தாடை எலும்பு. இத்தாலியின் நேப்பிள்ஸில் 2009-ல், ஞானப்பல் எடுத்த குழியில் நோயாளியின் சொந்தக் கூழ்ச் செல்லைக் கொலாஜன் பஞ்சில் ஏற்றி வைத்தார்கள். எலும்பு நன்றாகவே நிரம்பியது. மூன்று ஆண்டு கழித்து அந்த இடத்தை ஆராய்ந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அங்கே இயல்பில் பஞ்சு போன்ற எலும்பு இருக்க வேண்டும். வளர்ந்திருந்ததோ கெட்டியான எலும்பு. கெடுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் நினைத்ததைச் செல் செய்யும் என்று நிச்சயமில்லை, அதற்குத் தெரிந்ததைத்தான் செய்யும் என்பதற்கு இது சாட்சி.

ஈறு நோயில் எலும்பு கரைந்தவர்களுக்கு, வேர் நார்த்திசுவின் ஸ்டெம் செல்லை வைத்துச் சீனாவில் 30 பேரிடம் முறையான ஒப்பீட்டுப் பரிசோதனை நடந்தது. முடிவு 2016-ல் வந்தது. பாதுகாப்பில் குறையில்லை. எலும்பும் வளர்ந்தது. ஆனால் செல் வைக்காமல் எலும்புப் பொடி மட்டும் வைத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வளர்ந்துவிட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இதைச் செய்திருந்தால், ஸ்டெம் செல்லின் வெற்றி என்று நாளிதழில் வந்திருக்கும்.

இன்னும் தள்ளிப் போனால் தண்டுவடம். நகோயா பல்கலைக்கழகத்தில் அகிஹிதோ யமமோதோ, மினோரு உவேடா குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு மிகவும் பேசப்பட்டது. தண்டுவடம் முழுதாக வெட்டுண்ட எலிகளுக்கு மனிதப் பற்கூழ்ச் செல்லை வைத்தபோது பின்னங்கால் அசைவு ஓரளவு திரும்பியது. மஜ்ஜைச் செல் வைத்த எலிகளைவிடத் தெளிவான முன்னேற்றம். நரம்பு முகட்டு உறவு பொய்யில்லை என்று தோன்றவைத்த ஆய்வு இது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சைமன் கோப்லர் குழுவினர் அதே ஆண்டு பக்கவாதம் வந்த எலிகளுக்குப் பற்கூழ்ச் செல் செலுத்தினார்கள். நான்கு வாரத்தில் முன்னங்கால் இயக்கம் தேறியது. ஆனால் செலுத்திய செல்லில் மூளைக்குள் உயிரோடு இருந்தவை 2.3 சதவீதம்தான்.

இந்த 2.3 சதவீதத்தில் நிறையப் பாடம் இருக்கிறது. நூறில் தொண்ணூற்றேழு செல் செத்த பிறகும் எலி தேறியது என்றால், செல்கள் புது நரம்பாக மாறி இடத்தைப் பிடித்தன என்ற விளக்கம் பொருந்தாது. அவை இருந்த சில நாளில் சுரந்த புரதங்கள்தான் வீக்கத்தைத் தணித்து, சாகவிருந்த நரம்புச் செல்லைக் காப்பாற்றின என்றே இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். நகோயா குழுவே பின்னால் செல்லை விட்டுவிட்டு, செல் வளர்ந்த திரவத்தை மட்டும் எலிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டது. இது உறுதியானால் விளைவு பெரிது. தேவை அந்தச் சுரப்புதான் என்றால் அது யாருடைய செல்லிலிருந்தும் வரலாம். உங்கள் பிள்ளையின் பல்தான் வேண்டும் என்றில்லை. ஜப்பானில் 2019-ல் பக்கவாத நோயாளிகளிடம் தொடங்கிய பரிசோதனையில் வேறொருவர் பல்லின் செல்லைத்தான் பயன்படுத்தினார்கள். பக்கவாதம் வந்த இரண்டு நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும். நோயாளியின் சொந்தச் செல்லைத் தேடி வளர்த்துக்கொண்டிருக்க நேரமேது?

சர்க்கரை நோய்க்கு பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 2013-ல் வெளியான அதில், பற்கூழ்ச் செல்லை இன்சுலின் சுரக்கும் திட்டுகள் போல மாற்றிச் சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளுக்கு வைத்தார்கள். சில வாரங்களில் சர்க்கரை இயல்புக்கு வந்தது. நல்ல ஆய்வுதான், ஆனால் சுண்டெலியில். முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் செல்லை அழிப்பது நம் எதிர்ப்புசக்தியே. புதிதாக வைப்பதையும் அது விட்டுவைக்குமா என்ற கேள்விக்கு எலிச் சோதனை விடை தராது.

கண்ணுக்கும் பல்லுக்கும் தொடர்பு உண்டு என்றால் சென்னைவாசிகள் சிலருக்குச் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை நினைவுக்கு வரலாம். கருவிழி முற்றிலும் பாழானவர்களுக்கு, அவர்களுடைய கோரைப் பல்லையே எலும்போடு வெட்டி எடுத்து, நடுவில் லென்ஸ் பொருத்திக் கண்ணில் வைக்கும் அறுவை சிகிச்சை அங்கே நடக்கிறது. இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி 1960-களில் தொடங்கிய முறை அது. அங்கே பல் ஒரு சட்டமாகப் பயன்படுகிறது, ஸ்டெம் செல்லுக்கு அதில் வேலையில்லை. ஸ்டெம் செல்லை வைத்துச் செய்த வேலை பிட்ஸ்பர்க்கில் நடந்தது: 2015-ல் ஞானப்பல்லின் கூழ்ச் செல்லைக் கருவிழிச் செல்லாக மாற்றிச் சுண்டெலியின் கண்ணில் செலுத்தினார்கள். கருவிழி கலங்கவில்லை.

பாதுகாத்து வைக்கலாமா?

இப்போது முதலில் சொன்ன விளம்பரங்களுக்கு வருவோம். பால் பல் விழும் வயதில் பிள்ளை இருக்கும் பெற்றோரைக் குறிவைத்து, பல்லைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்துக்கொடுக்கிறோம், பின்னாளில் சர்க்கரை, மூட்டு, நரம்பு என எது வந்தாலும் கைகொடுக்கும் என்று விற்கும் வணிகம் பல நாடுகளில் உண்டு. செல்லை உறையவைத்து எடுக்க முடியும் என்பது உண்மை. எடுத்த பல் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தால் ஐந்து நாள்வரைகூட அதிலிருந்து செல்லைப் பிரித்துவிட முடியும் என்று 2008-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆக, சேமிப்பு பொய்யில்லை. சேமித்ததை வைத்து என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மஜ்ஜைச் செல் போன்றவற்றை ரத்தத்தில் செலுத்தும் பரிசோதனைகளில் உடல் எடை கிலோவுக்குப் பத்து லட்சம் செல் என்பது வழக்கமான அளவு. 60 கிலோ ஆளுக்கு ஆறு கோடி. பால் பல்லில் கிடைத்த மூலச் செல் பதினைந்து என்று வைத்துக்கொண்டால், ஆறு கோடியாக அவை 22 முறை இரட்டிப்பாக வேண்டும். ஒவ்வொரு இரட்டிப்பிலும் செல்லுக்கு வயது கூடுகிறது, மரபணுவில் பிழை விழும் வாய்ப்பும் கூடுகிறது. இதைத் தரத்தோடு செய்ய மருந்து தயாரிக்கும் அளவுக்குச் சுத்தமான கூடமும் பல கட்டச் சோதனையும் வேண்டும். சேமிப்புக் கட்டணத்தில் இதெல்லாம் அடங்குவதில்லை. தவிர, பிள்ளைக்குப் பின்னால் வருவது பிறவி மரபணுக் கோளாறு என்றால், சேமித்த செல்லிலும் அதே கோளாறு இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷின்யா யமனகா 2006-ல் காட்டிய வழியில், பெரியவரின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த சாதாரணச் செல்லையே எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்ற முடியும். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். அந்தப் பிள்ளைக்கு இருபது வயதில் ஞானப்பல்லும் இருக்கும், கொழுப்பும் மஜ்ஜையும் இருக்கும். பால் பல்லைத் தவறவிட்டால் வாய்ப்பே போயிற்று என்று பயமுறுத்துவதில் நியாயமில்லை.

இந்தியாவில் விதி தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, வணிக ரீதியில் சேமிக்க அனுமதி உள்ளது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே. பற்கூழ், தொப்புள்கொடித் திசு, மாதவிலக்கு ரத்தம் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. ரத்த நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாமே பரிசோதனை நிலையில் உள்ளவை என்றும், அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே அவற்றைக் கொடுக்கக்கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. 2019-ல் வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளும் ஸ்டெம் செல்லிலிருந்து தயாராகும் பொருளைப் புது மருந்தாகத்தான் கணக்கில் எடுக்கின்றன. ஆகவே யாராவது பற்கூழ்ச் செல் சிகிச்சை தருவதாகச் சொன்னால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன என்று கேளுங்கள். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பணம் கட்டிச் சேரச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

விதி இவ்வளவு கறாராக இருந்தும், நோயுற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோரிடம் நகையை விற்க வைக்கும் கூட்டம் இருக்கவே செய்கிறது. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். ஆய்வுக்கூடத்தில் நேர்மையாக இருபது ஆண்டுக்கு மேல் உழைத்துச் சேர்த்த நம்பிக்கையை அவர்கள் விற்றுத் தீர்க்கிறார்கள்.

பல்லின் ஸ்டெம் செல்லை இன்றைக்கே பயன்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பணமும் தேவையில்லை. நிரந்தரப் பல் அடிபட்டு வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், வேரின் மேல் ஒட்டியிருக்கும் நார்த்திசுவில் 2004-ல் கண்டுபிடித்த அந்தச் செல்கள் இன்னும் உயிரோடு இருக்கும். பல்லைத் தலைப்பக்கம் பிடித்துத் தூக்குங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் திருப்பி வைத்து, ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைக்க முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் போட்டால் செல்கள் ஊதி வெடித்துவிடும். காய விட்டால் ஒரு மணி நேரத்தில் அநேகமாக எல்லாமே செத்துவிடும். பிழைத்த செல்கள் வேரையும் எலும்பையும் மறுபடி பிணைக்கும். விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திருப்பி வைக்காதீர்கள். அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் முளைக்கு அது சேதம் உண்டாக்கும்.